துவைத்த தண்ணீர் எங்கே போகிறது?

பச்சை நிற சலவைத் திரவ பாட்டில். முன்பக்கம் ஒரு இலை, இலைமேல் ஒரு பனித்துளி, அதற்குக் கீழே 'இயற்கையின் தூய்மை' என்று கொட்டை எழுத்தில். அதை வாங்கிவந்து வீட்டில் ஆற அமர உட்கார்ந்து பின்பக்கத்தைப் படித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாமே எழுதியிருந்தது. மணம் எப்படி இருக்கும், துணி எவ்வளவு மென்மையாகும், எத்தனை குடும்பங்கள் நம்புகின்றன, எல்லாம் இருந்தது. சேர்மானங்கள் என்ற இடத்தில் மட்டும் 'சலவைப் பொருள்கள், வாசனை, தண்ணீர்' என்று மூன்றே சொற்கள்.

அதன் பிறகு பாட்டிலைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டேன். இப்போது வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: துணி துவைத்த அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் வீட்டை விட்டு வெளியேறிய பிறகு எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். சலவைத்தூள் துணியோடு இருப்பது அரை மணி நேரம். மீதி வாழ்க்கை முழுவதும் அது தண்ணீரோடுதான்.

சரி, முதலில் சலவைத்தூள் என்னதான் செய்கிறது?

தண்ணீருக்கு எண்ணெய்ப் பசையைப் பிடிக்காது. சட்டைக் காலரில் படிந்திருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உடம்பிலிருந்து வரும் எண்ணெய். அந்தப் பசையில் தூசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீரில் முக்கி எடுத்தால் தூசியில் கொஞ்சம் போகும், பசை அப்படியே நிற்கும். இங்கேதான் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் வருகிறது. அதன் மூலக்கூறைத் தலைப்பிரட்டை மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைக்குத் தண்ணீரைப் பிடிக்கும், வாலுக்கு எண்ணெயைப் பிடிக்கும். வால்கள் எல்லாம் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும். எண்ணெய்த் துளி ஒரு சின்னப் பந்தாகச் சுற்றி வளைக்கப்பட்டுத் துணியிலிருந்து கிளம்பிவிடும். அலசும்போது தண்ணீரோடு போய்விடும். நாம் குளிக்கும் சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் சோப்பே போதாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூடி போட்ட இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தேன். ஒன்றில் மழைத்தண்ணீர், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்கினேன். மழைத்தண்ணீரில் பொங்கப் பொங்க நுரை. மற்றதில் நுரை எழும்பவே இல்லை. தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ மிதந்தது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிய கோலம் அது. வாளியின் உட்சுவரில் படியும் சாம்பல் நிற வளையமும் அதுவேதான். துணியில் படிந்தால் வெள்ளை நிறம் மங்கும், துண்டு விறைத்துப்போகும். செயற்கை டிடர்ஜென்ட்டுகள் வந்து சோப்பின் இடத்தைப் பிடித்ததற்கு இது முக்கியமான காரணம். அவை உப்புத் தண்ணீரில் அவ்வளவு எளிதில் திரிந்துபோவதில்லை.

வீட்டிலேயே சோப்பைத் துருவி சலவைத்தூள் செய்துகொள்ளும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. உங்கள் வீட்டுத் தண்ணீர் மென்மையானதாக இருந்தால் செய்து பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் அந்தக் குப்பியில் மிதந்த திரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் மிதந்த நுரை

டிடர்ஜென்ட் வந்தது, துணி வெளுத்தது. ஆனால் 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மிதக்கத் தொடங்கியது. தடுப்பணைகளுக்குக் கீழே நுரை மலை மலையாகக் குவிந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் நுரையில் மூழ்கின. காரணம் அந்த மூலக்கூறின் வால். அன்றைய டிடர்ஜென்ட்டில் வால் நேராக இல்லாமல் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து இருந்தது. தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்கள் வாலின் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்று அதை அழிக்கும். நேரான வால் என்றால் சுலபம். கிளை பிரிந்த வாலில் அவற்றின் பல் இறங்கவில்லை. மக்காத டிடர்ஜென்ட் ஆற்றோடு போய்க்கொண்டே இருந்தது, போகிற வழியெல்லாம் நுரைத்தது.

ஜெர்மனியில் 1961-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1964 முதல் சலவைப் பொருள்களில் இருக்கும் சர்ஃபாக்டன்ட்டில் குறைந்தது 80 விழுக்காடு மக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஆனது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-ல் தாங்களாகவே நேரான வால் கொண்ட வகைக்கு மாறினார்கள். அந்த வகையின் சுருக்கப் பெயர் எல்.ஏ.எஸ். இன்றைக்கும் உலகெங்கும் விற்கும் சலவைத்தூள்களில் அதிகம் இருப்பது இதுதான். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள், வித்தியாசம் வாலின் வடிவத்தில் மட்டும். அதில் ஒன்று ஆற்றையே நாசமாக்கியது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நுரைப் பிரச்சினை அடங்கியதும் அடுத்தது தலைதூக்கியது. உப்புத் தண்ணீரிலும் நன்றாக வெளுக்க வேண்டும் என்பதற்காகச் சலவைத்தூளில் பாஸ்பேட்டைச் சேர்த்துவந்தார்கள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். சர்ஃபாக்டன்ட் தன் வேலையைத் தடையில்லாமல் பார்க்கும். அருமையான பொருள்தான். ஆனால் பாஸ்பேட் என்பது உரமும்கூட. வயலில் போட்டால் பயிர் வளரும், ஏரியில் போய்ச் சேர்ந்தால் பாசி வளரும். பாசி ஏரியை மூடும், பிறகு செத்து அடியில் படியும். அதை மக்கவைக்கும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், மீன் மூச்சு முட்டிச் சாகும்.

குற்றவாளி பாஸ்பேட்தானா, இல்லை கார்பனா, நைட்ரஜனா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. தயாரிப்பாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு காரியம் செய்தார்கள். 226 என்று எண்ணிட்ட ஒரு சின்ன ஏரி. நடுவில் இடுப்பு சிறுத்து இரண்டு குளங்களைச் சேர்த்து வைத்ததுபோல இருக்கும். அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாக இருக்கிறது, மறு பாதி பச்சைச் சாயம் கரைத்துவிட்டதுபோல இருக்கிறது. அந்த ஒற்றைப் படம் பல ஆய்வுக் கட்டுரைகளைவிடப் பலமாகப் பேசியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வீட்டுச் சலவைப் பொருள்களில் பாஸ்பரஸுக்கு மிகக் குறைந்த வரம்பு விதிக்கப்பட்டது 2013-ல்தான். படம் எடுத்து 40 ஆண்டுகள் கழித்து!

இப்போது பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஜியோலைட் என்ற களிமண் போன்ற தாது, சிட்ரேட், சலவை சோடா போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே முதல் விஷயம்: பாக்கெட்டில் 'பாஸ்பேட் இல்லை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் பல நாடுகளில் இதற்குக் கறாரான கட்டுப்பாடு இல்லை.

'மக்கும்' என்றால் எவ்வளவு, எங்கே?

மக்கும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். மரக்கட்டையும் மக்கும், நூறு வருடம் பொறுத்தால். அதனால் இதற்கென்று ஒரு சோதனை முறை இருக்கிறது. பொருளை பாக்டீரியாவோடு தண்ணீரில் விட்டு 28 நாள் கவனிப்பார்கள். அதற்குள் 60 விழுக்காடாவது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் சிதைந்திருந்தால் 'எளிதில் மக்குவது' என்ற தகுதி கிடைக்கும். பாக்கெட்டில் 'ஓ.இ.சி.டி 301' என்று எங்காவது தென்பட்டால் இந்தச் சோதனையைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே சொன்ன எல்.ஏ.எஸ் காற்றோட்டமுள்ள தண்ணீரில் நன்றாக மக்கும். காற்றில்லாத சேற்றிலும், மூடிய கழிவுத் தொட்டியின் அடியிலும் மக்குவது கடினம். சர்க்கரையிலிருந்தும் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யப்படும் குளுக்கோசைடு வகை சர்ஃபாக்டன்ட்டுகள் இரண்டு இடங்களிலும் மக்கும். தோலுக்கும் இதமானவை. சேர்மானப் பட்டியலில் 'குளுக்கோசைடு' என்று முடியும் பெயர் ஏதாவது கண்ணில் பட்டால் அது நல்ல அறிகுறி. 'நோனைல்ஃபினால்' என்று தொடங்கும் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அது சிதையும்போது உண்டாகும் பொருள் மீன்களின் உடலில் பெண் ஹார்மோன் மாதிரி நடிக்கிறது. ஐரோப்பாவில் வீட்டுச் சலவைப் பொருள்களில் அதற்கு இடமில்லை.

பல பாக்கெட்டுகளில் 'மக்கும்' என்ற சொல் சர்ஃபாக்டன்ட்டை மட்டுமே குறிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசனைக்கும் வெண்மையூட்டிக்கும் சாயத்துக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

இயற்கை என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதலில் ஏமாந்தது அதில்தான். பெட்ரோலியத்திலிருந்து செய்தது கெட்டது, தாவரத்திலிருந்து வந்தது நல்லது என்று ஒரு எண்ணம் நம் மனதில் ஊறிக் கிடக்கிறது. பூந்திக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சப்போனின் என்ற இயற்கையான நுரைப்பொருள் இருக்கிறது. பட்டு, கம்பளி போன்ற மென்மையான துணிகளுக்கு நல்லது, எளிதில் மக்கும், மரத்தில் காய்ப்பது. எல்லாம் சரிதான். ஆனால் சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். சப்போனின் உள்ள செடிகளை நசுக்கிக் குளத்தில் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது உலகின் பல பகுதிகளில் இருந்துவந்த பழைய வழி. கொட்டை ஊறிய தண்ணீரை வடிகாலில் ஊற்றுங்கள், தாமரைக் குளத்தில் ஊற்றாதீர்கள். அதேபோல 'தாவர எண்ணெயிலிருந்து' என்று பெருமையாகச் சொல்லப்படும் பல சர்ஃபாக்டன்ட்டுகள் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ வருகின்றன. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காக மழைக்காட்டை அழித்திருந்தால், பாட்டிலில் இலை படம் போட்டு என்ன பயன்?

'ரசாயனம் இல்லாதது' என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். தண்ணீரே ரசாயனம்தான்.

வெண்மை என்ற கண்கட்டு

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ரூபாய் நோட்டைச் சோதிக்கப் பயன்படும் புற ஊதா டார்ச் ஒன்று எப்படியாவது கிடைத்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிட்டிகை சலவைத்தூள்மேல் அடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது தூளின் நடுவே ஆங்காங்கே நீலமாகப் பொறிகள் மின்னின. அப்படியே கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைமேல் அடித்தேன். முழுச் சட்டையும் இருட்டில் பேய்போல நீலமாக எரிந்தது. பக்கத்தில் கிடந்த பழைய கம்பளி அப்படி மின்னவில்லை.

அதுதான் ஒளிரும் வெண்மையூட்டி. அழுக்கை நீக்குவதில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. துணிமேல் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. மஞ்சளேறிய துணியில் நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். நீலம் போடுவதும் இதே தந்திரம்தான். வெண்மையூட்டி துணியில் தங்குவதற்காகவே செய்யப்பட்டது, தண்ணீரில் மெதுவாகத்தான் சிதையும். புதுத் துணியில் ஆலையிலேயே இதைப் போட்டு அனுப்புவதும் உண்டு, அதனால் சட்டை மின்னுகிறது என்பதற்காகச் சலவைத்தூளை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. தூள் மின்னுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. சுற்றுச்சூழலுக்கு உகந்ததைத் தேடுகிறவர்களுக்கு இது இல்லாத தூளே நல்லது. வெள்ளைச் சட்டை ஒரு சுற்று மங்கலாகத் தெரியும். அழுக்கு என்று அர்த்தமில்லை, அதுதான் பருத்தியின் சொந்த நிறம்.

வாசனையும் கிட்டத்தட்ட இப்படித்தான். துவைத்த துணிக்கு மணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மணம் இல்லாவிட்டால் சுத்தமாகவில்லை என்று மனசு சொல்கிறது. அந்த மணத்தைப் பல நாள் தங்கவைக்க, வாசனையை நுண்ணிய பிளாஸ்டிக் கூடுகளில் அடைத்துக் கலப்பதும் நடக்கிறது; வேண்டுமென்றே சேர்க்கும் இப்படிப்பட்ட நுண்பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வீட்டில் கைக்குழந்தையோ, தோல் அரிப்பு உள்ளவரோ, இழுப்பு உள்ளவரோ இருந்தால் வாசனையற்றதை வாங்குவதில் யோசிக்கவே வேண்டாம். லிக்விட் வகை கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பொருளும் தோல் அலர்ஜிக்குப் பேர்போனது. பெயர் நாக்கைச் சுளுக்கும், ஆனால் பட்டியலில் கண்டுபிடித்துவிடலாம். தூளில் தண்ணீர் இல்லாததால் அது தேவைப்படுவதில்லை.

என்சைமைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

சேர்மானப் பட்டியலில் புரோட்டியேஸ், அமைலேஸ், லிப்பேஸ் என்று பார்த்தால் பலர் ஏதோ விஷம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சலவைத்தூளில் சுற்றுச்சூழலுக்கு மிகவும் ஒத்துப்போகும் பகுதி இவைதான். இவை நொதிகள், அதாவது என்சைம்கள். நம் வயிற்றில் உணவைச் செரிக்கவைக்கும் அதே வகைப் பொருள்கள். புரோட்டியேஸ் ரத்தம், முட்டை, வியர்வைக் கறைகளை உடைக்கும். அமைலேஸ் மாவுக் கறையை உடைக்கும். லிப்பேஸ் எண்ணெய்க் கறையை உடைக்கும். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தும் யோசனைக்கு 1913-லேயே காப்புரிமை எடுத்தார். ஆக, இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை.

மிகக் கொஞ்சமாகப் போட்டாலே போதும், வேலையை முடித்ததும் தானே சிதைந்துவிடும். இன்னொரு பெரிய லாபம், வெந்நீர் தேவையில்லை. மெஷினில் வெந்நீரில் துவைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது: மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. 60 டிகிரியில் துவைத்ததை 30 டிகிரிக்கு இறக்கினால் கிடைக்கும் பலன், பாட்டிலை மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பெரியது. நொதி இருந்தால் இறக்கலாம்.

எச்சரிக்கை இரண்டுதான். பட்டும் கம்பளியும் புரதம். புரோட்டியேஸுக்கு ரத்தக் கறைக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் கடிக்கும். அவற்றுக்கு நொதி இல்லாததை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தூளைக் கொட்டும்போது முகத்தருகே புழுதி கிளப்ப வேண்டாம். 1960-களின் இறுதியில் நொதித் தூளைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது தெரியவந்து, அதன் பிறகுதான் நொதியைக் குருணைகளாக உருட்டி மேலே பூச்சு கொடுக்கத் தொடங்கினார்கள்.

கறைக்கு ப்ளீச் வேண்டும் என்றால் குளோரினுக்குப் பதிலாக ஆக்சிஜன் வகை. சோடியம் பெர்கார்பனேட் என்று எழுதியிருக்கும். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் போய்விடும். பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் நல்லது. குளோரின் ப்ளீச் வைத்திருப்பவர்கள் அதோடு வினிகரையோ அம்மோனியா உள்ள எதையுமோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து துவைக்கும் குறிப்பும் ஒன்று உண்டு. பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிட்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். துணிக்கு எந்தப் பயனும் இல்லை.

தூளா, லிக்விடா, மாத்திரையா?

லிக்விட் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை லாரியில் ஏற்றிப் பிளாஸ்டிக்கில் அடைத்து நம் வீடு வரை கொண்டுவருகிறார்கள். அட்டைப்பெட்டியில் வரும் தூளோ, செறிவூட்டிய லிக்விடோ இந்த வகையில் மேல். ஆனால் மலிவான தூளில் எடையைக் கூட்டச் சோடியம் சல்பேட் என்ற உப்பை நிறையச் சேர்த்திருப்பார்கள். அழுக்கை எடுப்பதில் அதற்குச் சொல்லும்படியான பங்கு இல்லை.

துவைத்த தண்ணீரைச் செடிகளுக்கு விடுகிறவர்களுக்கு இந்த உப்பு முக்கியமான விஷயம். சோடியம் சேரச் சேரக் களிமண்ணின் கட்டமைப்பு குலைந்து இறுகிப்போகும், தண்ணீர் கீழே இறங்காது. போராக்ஸ் கலந்த தூள் என்றால் இன்னும் மோசம். அதில் உள்ள போரான் கொஞ்சம் அதிகமானாலே இலை நுனி கருகும். தோட்டத்துக்கு விடுவதாக இருந்தால் உப்புக் குறைந்த லிக்விட், போராக்ஸ் இல்லாதது, ப்ளீச் இல்லாதது. முதல் தண்ணீரை வடிகாலுக்கு விட்டுவிட்டு, கடைசியாக அலசிய தண்ணீரைச் செடிக்கு விடுவது எளிய வழி. மூலக்கூறுகளைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் இது ஒன்றைச் செய்தால் மண் பிழைத்துக்கொள்ளும்.

மாத்திரை மாதிரி அப்படியே மெஷினில் போடும் பைகள் வருகின்றன. அளவு தப்பாது என்பது நல்ல விஷயம். மேலே சுற்றியிருக்கும் உறை பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக். தண்ணீரில் கரைந்து காணாமல் போகிறது. கரைவது வேறு, மக்குவது வேறு. சர்க்கரை கரைந்தாலும் தண்ணீரில்தானே இருக்கிறது? அதைத் தின்னப் பழகிய பாக்டீரியா உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் சிதையும். நேராக ஓடைக்குப் போகும் ஊரில் அந்த நம்பிக்கை வேண்டாம். காகிதத் தாள்போல வரும் சலவைத் தாள்களிலும் பெரும்பாலும் இதே பொருள்தான் இருக்கிறது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அந்த வண்ணப் பைகளே வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

துணி மென்மையாக்கும் திரவம் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அது துணிமேல் ஒரு மெல்லிய வழுவழுப்புப் பூச்சு, அவ்வளவுதான். துண்டில் போட்டால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாத துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எந்த முத்திரையை நம்பலாம்?

பாட்டிலில் உள்ள இலை, பூமி உருண்டை, பச்சை வட்டம் எல்லாம் ஓவியங்கள். யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுத்தவை அல்ல. மூன்றாம் தரப்பு சோதித்துக் கொடுக்கும் முத்திரைகள் சில உண்டு. ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல் 1978-ல் தொடங்கியது, இந்த வகையில் உலகில் முதலாவது. வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் ஸ்வான் 1989-ல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை 1992-ல் வந்தது. அமெரிக்காவில் சேஃபர் சாய்ஸ் இருக்கிறது. இவை மக்கும் தன்மை, நீர்வாழ் உயிர்களுக்கு உண்டாகும் பாதிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன.

முத்திரை எதுவும் இல்லாவிட்டால், முழுச் சேர்மானப் பட்டியலையும் அச்சிட்டிருக்கும் தயாரிப்பை எடுங்கள். மறைக்காமல் சொல்கிறவரிடம் குறை இருந்தாலும் அது என்ன குறை என்றாவது நமக்குத் தெரியும்.

எவ்வளவு போடுவது?

இதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். எவ்வளவு நல்ல தூளாக இருந்தாலும் இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்குதான் ஆற்றுக்குப் போகும். நாம் அதிகம் போடுவதற்குக் காரணம் நுரை. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகிறது என்று ஒரு நம்பிக்கை. அழுக்கைப் பிடிப்பது தண்ணீருக்குள் இருக்கும் மூலக்கூறு, மேலே நிற்கும் நுரை அல்ல. ஃப்ரண்ட் லோட் மெஷினில் துணி மேலிருந்து விழுந்து அடிபட்டுத்தான் அழுக்கு இளகும். நுரை அதிகமானால் மெத்தைமேல் விழுவதுபோல விழும், அடி படாது. பல மெஷின்கள் நுரை அதிகம் என்று கண்டால் இன்னொரு முறை அலசத் தொடங்கிவிடும். தூளும் வீண், தண்ணீரும் வீண்.

நீங்கள் அதிகம் போடுகிறீர்களா என்று பார்க்க ஒரு வழி. துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து, வாளியில் நல்ல தண்ணீர் விட்டு, எதுவும் போடாமல் கையால் நன்றாகக் கசக்குங்கள். நான் முதல்முறை செய்தபோது தண்ணீர் கலங்கி, வாளி ஓரமெல்லாம் நுரை கட்டியது. 'சுத்தமான' துண்டிலிருந்து! அத்தனை நாள் அந்தச் சலவைத்தூள் மிச்சத்தைத்தான் முகத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அளவு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தண்ணீரின் கடினம், துணியின் எடை, அழுக்கு. உப்புத் தண்ணீர் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அங்கே தூளைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு கரண்டி சலவை சோடா சேர்த்தாலும் வேலை நடக்கும், பட்டு, கம்பளி தவிர. ஒரு நாள் போட்ட சட்டைக்கும் மண்ணில் விளையாடிய பிள்ளையின் கால்சட்டைக்கும் ஒரே அளவு போட வேண்டிய அவசியம் இல்லை. காலரிலும் கறையிலும் மட்டும் கொஞ்சம் தடவி ஊறவைத்துவிட்டு, மற்றதைக் குறைத்துப் போடலாம்.

என் வீட்டு அளவு மூடியில் கம்பெனி அச்சிட்ட கோடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே மார்க்கரால் நானே ஒரு கோடு போட்டேன். இரண்டு வாரம் அந்த அளவில் துவைத்தேன், யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் கீழே ஒரு கோடு போட்டேன். அப்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை, துண்டு கசக்கிய வாளித் தண்ணீரில் நுரையும் நின்றுவிட்டது. மூன்றாவது கோட்டுக்கு இறங்கியபோது காலர் அழுக்கு அப்படியே நின்றது, வீட்டில் பேச்சும் வாங்கினேன். இரண்டாவது கோட்டுக்கே திரும்பிவிட்டேன்.